ஒரே வேலை, ஒருவருக்கு மட்டும் பதிவு எண்: செவிலியரும் சமூகப்பணியாளரும்

வைகைக்கரை

மதுரைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். எங்கள் பிரிவில் இருவர். நான் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படித்தவன், உடன் வேலை செய்பவர் பி.எஸ்சி. நர்சிங். 2014-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்று விதிகள் இரண்டு படிப்பையும் இந்த வேலைக்கு ஏற்கின்றன. நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து மூளைச்சாவை உறுதிசெய்ய வேண்டும். அந்தப் பொழுதில் குடும்பத்தாரோடு இருந்து, உறுப்பு தானம் என்று ஒன்று உண்டு, விருப்பமில்லாவிட்டால் மறுக்கலாம் என்று எடுத்துச் சொல்வது எங்கள் வேலை. சில நாள் அவர் பேசுவார், சில நாள் நான்.

அண்மையில் தரச்சான்று ஆய்வுக்காகப் பணியாளர் கோப்புகளை அடுக்கினார்கள். அவர் கோப்பில் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலின் பதிவுச் சான்றிதழ், புதுப்பித்த ரசீது, தொடர்கல்வி வகுப்புகளின் சான்றுகள். என் கோப்பில் அதே இடத்தில் மனிதவளப் பிரிவு ஊழியர் 'பொருந்தாது' என்று பேனாவால் எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தார்.

என் கேள்வி இதுதான். மகனைப் பறிகொடுத்து நிற்கும் ஒரு தாயிடம் நான் வற்புறுத்திக் கையெழுத்து வாங்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் யாரிடம் போய்ச் சொல்வார்? என் சக ஊழியர் அதைச் செய்தால் கவுன்சிலுக்கு எழுதலாம், பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கச் சொல்லலாம். நான் செய்தால் மருத்துவமனை என்னை வெளியே அனுப்பும். நான் அடுத்த வாரமே வேறு ஊரில் இதே வேலையில் சேர்ந்துவிடலாம். சமூகப்பணிக்கும் ஒரு கவுன்சில் வேண்டும் என்று நாம் கேட்க வேண்டாமா? செவிலியர்களும் சமூகப்பணியாளர்களும் சொல்லுங்கள்.

பொருநை

தம்பி, எங்கள் பதிவு எண்ணைப் பார்த்துப் பொறாமைப்படும் முதல் ஆளை இன்றுதான் பார்க்கிறேன்.

1926-இல் சென்னை மாகாணத்தில் செவிலியர், தாதியர் சட்டம் வந்தது. 1947-இல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம். 2023-இல் அதற்குப் பதிலாகத் தேசிய செவிலியர், பேறுகாலச் சேவை ஆணையச் சட்டம். ஏறக்குறைய நூறு ஆண்டாக எங்களுக்குப் பதிவேடு இருக்கிறது. அதனால் என்ன கிடைத்தது? 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து எடுத்த செவிலியர்களுக்கு மாதத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். எல்லாருமே பதிவு பெற்றவர்கள்தான். தனியார் மருத்துவமனைகளின் நிலையைப் பார்த்து உச்ச நீதிமன்றம் 2016-இல் குழு அமைக்கச் சொன்னது. ஐம்பது படுக்கைக்குக் குறைந்த இடத்தில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. பக்கத்து மாநிலமான கேரளத்தில் செவிலியர்கள் போராடிப் பெற்றார்கள். இங்கே எத்தனை இடத்தில் கொடுக்கிறார்கள் என்று உங்கள் சக ஊழியரையே கேளுங்கள்.

பதிவு எண் சோறு போடாது. என் பணிக்காலத்தில் போலிச் சான்றிதழுக்காகப் பெயரை நீக்கினார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நோயாளியை ஏசினார் என்பதற்காக நீக்கியதைக் கேள்விப்பட்டதே இல்லை. கவுன்சில் என்றால் எங்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிப்பது, தொடர்கல்வி மணிக்கணக்கைக் காட்டுவது, வெளிநாடு போகிறவர்களுக்குச் சான்று சரிபார்த்துக் கொடுப்பது. அவ்வளவுதான்.

வைகைக்கரை

அக்கா, சம்பளத்துக்காக நான் கேட்கவில்லை. அந்தத் தாய் யாரிடம் போவார் என்றுதான் கேட்டேன்.

பொருநை

தெரிகிறது. கவுன்சிலுக்குப் போகலாம் என்று உங்கள் சக ஊழியர் பேசிய குடும்பங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

லீட்ஸ்வாசி

இந்த இழை எனக்காகவே எழுதியது போலிருக்கிறது. சென்னையில் எம்.எஸ்.டபிள்யூ. முடித்து, இங்கிலாந்தில் பதிவு பெற்று, உள்ளாட்சி மன்றம் ஒன்றில் மனநலப் பிரிவில் இருக்கிறேன். வைகைக்கரை சொல்லும் நிலைமை இங்கேயும் உண்டு, ஆனால் தலைகீழாக.

மனநலச் சட்டத்தின்கீழ் ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக மருத்துவமனையில் சேர்க்க வேண்டுமென்றால் இரண்டு மருத்துவர்கள் பரிந்துரைக்க வேண்டும். ஆனால் விண்ணப்பத்தில் கையெழுத்திடுவது மருத்துவர் அல்லர், அங்கீகாரம் பெற்ற மனநலப் பணியாளர். இரு மருத்துவர்களும் சேர்க்கச் சொன்னாலும் அவர் மறுக்கலாம். 2008 நவம்பர் வரை இது சமூகப்பணியாளர்களுக்கு மட்டுமே உரிய வேலை. 2007-இன் திருத்தச் சட்டம் செவிலியர், செயல்முறைச் சிகிச்சையாளர், உளவியலாளர் ஆகியோருக்கும் கதவைத் திறந்தது. இன்றும் பெரும்பாலோர் சமூகப்பணியாளர்களே. என் அணியில் ஒரு செவிலியர் இருக்கிறார். இரவு இரண்டு மணிக்கு ஒரு வீட்டு வாசலில் போலீசாரோடும் ஆம்புலன்சோடும் நின்று, உள்ளே இருப்பவரிடம் பேசி முடிவெடுக்கும் அதிகாரம் எங்கள் இருவருக்கும் ஒன்றே. ஆனால் அவர் பதில் சொல்ல வேண்டியது செவிலியர் கவுன்சிலுக்கு. நான் பதில் சொல்ல வேண்டியது சோஷியல் வொர்க் இங்கிலாந்து என்ற அமைப்புக்கு. வேடிக்கை என்னவென்றால், இந்த வேலைக்காக அவர் படித்த பயிற்சியை அங்கீகரிப்பதும் என்னுடைய அமைப்புதான்.

 

புதுப்பித்தலில் வேறுபாட்டைப் பாருங்கள். அவர் மூன்றாண்டுக்கு ஒரு முறை 450 மணி நேரப் பணியைக் காட்ட வேண்டும். 35 மணி நேரத் தொடர்கல்வி, அதில் 20 மணி நேரம் பிறரோடு சேர்ந்து கற்றதாக இருக்க வேண்டும். தன் வேலையைப் பற்றிப் பிறர் சொன்ன கருத்து ஐந்து, தானே எழுதிய சிந்தனைக் குறிப்பு ஐந்து, அவற்றைப் பதிவு பெற்ற இன்னொருவரோடு உட்கார்ந்து பேசியதற்கான ஒப்புதல். இந்த முறை 2016-இல் வந்தது. ஸ்டாஃபோர்டு மருத்துவமனையில் நோயாளிகள் தண்ணீர்கூடக் கிடைக்காமல் கிடந்தது பற்றிய 2013-ஆம் ஆண்டு விசாரணை அறிக்கை அதற்கு முக்கியத் தூண்டுதல். நான் ஆண்டுதோறும் புதுப்பிக்கிறேன். மணிக்கணக்கு கிடையாது. கற்றதைப் பற்றி இரண்டு பதிவுகள், அவற்றில் ஒன்றைச் சக ஊழியரோடு விவாதித்திருக்க வேண்டும். முதல் பார்வைக்கு என்னுடையது எளிது. ஆனால் மணியை எண்ணுவதால் ஒருவர் நல்ல சமூகப்பணியாளர் ஆகிவிடுவார் என்று நான் நம்பவில்லை. அவர்கள் மணியை எண்ணாததில் எனக்குக் குறையும் இல்லை.

செவிலியர்களுக்கு 1919-இல் இங்கே சட்டம் வந்துவிட்டது. எங்களுக்கு 2001-இல்தான் முதல் அமைப்பு. 2003-இல் பதிவேடு திறந்தது. 2005-இல் பட்டப்பெயருக்குப் பாதுகாப்பு. 2012-இல் அந்த அமைப்பையே கலைத்தார்கள். பிசியோதெரபிஸ்ட், ரேடியோகிராஃபர் போன்றோருடன் ஒரே அமைப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 2019 டிசம்பரில் மறுபடி தனி அமைப்பு. இருபது ஆண்டுக்குள் மூன்று வாடகை வீடு மாறிய குடித்தனம் எங்களுடையது. இதுவும் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்குத் தனித்தனி. செவிலியர்களுக்கோ நான்கு நாட்டுக்கும் ஒரே கவுன்சில்.

இன்னொன்று. பதிவில்லாமல் தன்னைச் சமூகப்பணியாளர் என்று இங்கிலாந்தில் சொல்லிக்கொண்டால் குற்றம். ஆனால் 'நர்ஸ்' என்ற வெறும் சொல்லுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. 'பதிவு பெற்ற நர்ஸ்' என்பதற்கு மட்டுமே உண்டு. இதைச் சரிசெய்யச் சட்டம் கொண்டுவருவதாக அரசு 2025-இல்தான் அறிவித்தது. நூறாண்டுப் பெருமை பேசும் தொழிலின் நிலை அது.

களத்துமேடு

எல்லாரும் வெளிநாட்டுச் சட்டங்களை அடுக்குகிறீர்கள். நான் முப்பது ஆண்டுக்கு மேலாகக் கீழத்தஞ்சையில் தொண்டு நிறுவன வேலை செய்கிறவன், பட்டம் இல்லாதவன். எனக்குப் பயமாக இருக்கிறது.

கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் நிலமற்ற தலித் பெண்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்க லாஃப்டி அமைப்பை 1981-இல் தொடங்கினார். அவரிடம் போய் 'அம்மா, உங்கள் பதிவு எண் என்ன?' என்று எந்த அதிகாரி கேட்பார்? உண்மையில் ஒருவர் கேட்பார்: அந்த நிலத்தைக் கொடுக்க மனமில்லாதவர். நாளை ஒரு கிராமத்துப் பெண் கொத்தடிமைகளை மீட்கப் போனால், 'நீ லைசென்ஸ் இல்லாத சமூகப்பணியாளர்' என்று அவள்மீதே வழக்குப் போடுவார்கள். ஊசி போடுவதற்குப் படிப்பு வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். நியாயம் கேட்பதற்கு எதற்கு ஐயா லைசென்ஸ்?

முத்துச்சிப்பி

ஐயா, நானும் நாகைதான். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு எங்கள் குப்பத்துக்கு யார் யாரெல்லாம் வந்தார்கள் என்பது உங்களுக்கும் நினைவிருக்கும். ஒரு வேன் வரும், 'கவுன்சிலிங்' என்று துணிப்பதாகை கட்டுவார்கள், பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து அலையை வரையச் சொல்வார்கள், படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். மறுவாரம் இன்னொரு வேன், மறுபடி அதே அலை. என் தங்கை மகன் கடைசியில் கறுப்புக் கிரேயான் ஒன்றைத்தான் எடுப்பான். அதுதான் சீக்கிரம் முடியும் என்பான். ஒழுங்காகப் பயிற்சி கொடுத்த நல்லவர்களும் வந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் யார் நல்லவர், யார் பதாகைக்காரர் என்று எங்களுக்குப் பிரித்துச் சொல்ல ஆளில்லை.

களத்துமேடு

அது உண்மைதான் அம்மா. ஆனால் அந்த வேன்களில் வந்தவர்களில் பாதிப்பேர் எம்.எஸ்.டபிள்யூ. மாணவர்கள். லைசென்ஸ் வந்தால் முதலில் அவர்களுக்குத்தான் கிடைக்கும். நாங்கள் வெளியே நிற்போம்.

கரும்பலகை

சமூகப்பணித் துறையில் பாடம் நடத்துகிறேன். இரண்டு விஷயங்கள் இங்கே கலந்துவிட்டன. ஒரு பெயரைப் பாதுகாப்பது வேறு, ஒரு செயலைத் தடைசெய்வது வேறு. இங்கிலாந்து சட்டம் பாதுகாப்பது பெயரை. நியாயம் கேட்கப் போகும் கிராமத்துப் பெண்ணை அது தொடவே தொடாது. களத்துமேடு ஐயாவின் அச்சம் பொய்யில்லை. நம் ஊரில் சட்டம் எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் பிரிக்காமல் எழுதிவிடுவார்கள் என்பதுதான் அந்த அச்சத்தின் நியாயம்.

இந்தியாவில் சமூகப்பணிக் கல்வி 1936-இல் பம்பாயில் தொடங்கியது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியில் 1952-இல் பள்ளி வந்தது. கவுன்சில் வேண்டும் என்ற பேச்சு பல பத்தாண்டுகளாக இருக்கிறது; வரைவுகள் வந்தன, தனிச் சட்டம் வரவில்லை. ஆனால் சட்டத்துக்கு நம்மைத் தெரியவே தெரியாது என்று சொல்ல முடியாது. துண்டு துண்டாகத் தெரியும்.

1992-ஆம் ஆண்டின் மறுவாழ்வுக் கவுன்சில் சட்டத்தில் மறுவாழ்வுச் சமூகப்பணியாளர் உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மனநலச் சமூகப்பணியாளர் உண்டு. முதுகலைக்கு மேல் இரண்டாண்டு எம்.ஃபில். வேண்டும், மாநில மனநல ஆணையத்தில் பதிய வேண்டும். 2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தில், நடத்தைசார் நலவியல் என்ற பிரிவின்கீழ், மருத்துவச் சமூகப்பணியாளர் உட்பட நாம் இருக்கிறோம். ஆகவே வைகைக்கரை தம்பி, 'பொருந்தாது' என்று உங்கள் மனிதவளப் பிரிவு எழுதியது காலத்துக்கும் சரியாக இருக்கப்போவதில்லை.

அந்தச் சட்டத்தில் ஒரு முள்ளும் இருக்கிறது. 'நலத்தொழிலர்' எனப்பட மூன்று முதல் ஆறு ஆண்டுக்குள் குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பு வேண்டும். நம் எம்.எஸ்.டபிள்யூ. இரண்டு ஆண்டு. பி.காம். முடித்தவரும் சேரலாம், இயற்பியல் முடித்தவரும் சேரலாம். பாடத்தோடு களப்பணியைக் கூட்டினாலும் மணிக்கணக்கு எட்டுமா என்று எங்கள் துறையில் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து சண்டை போட்டிருக்கிறோம். செவிலியர் படிப்பில் இந்தச் சண்டை கிடையாது. எந்த வார்டில் எத்தனை மணி நேரம், எத்தனை பிரசவம் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் பாடத்திட்டத்திலேயே எழுதியிருக்கிறது. எங்களிடம் ஒரு கல்லூரியில் களப்பணி என்றால் வாரம் இரண்டு நாள் குடும்ப நீதிமன்றம். இன்னொரு கல்லூரியில் மரக்கன்று நட்டுப் படம் எடுப்பது. இரண்டுக்கும் ஒரே பட்டம்.

சம்பளத்தையோ மரியாதையையோ விட இதுதான் எனக்கு உறுத்துகிறது. தத்தெடுக்க விண்ணப்பித்த தம்பதியின் வீட்டுக்குப் போய் ஆய்வறிக்கை எழுதுவது சமூகப்பணியாளர். இருவரையும் தனித்தனியாகப் பேசவைத்தாரா, வீட்டில் இருக்கும் மூத்த பிள்ளையைக் கேட்டாரா, சமையலறை வரை போனாரா, அல்லது ஹாலில் காப்பி குடித்துவிட்டு வந்து படிவத்தை நிரப்பினாரா? அந்தத் தாளை நம்பித்தான் ஒரு குழந்தை அந்த வீட்டுக்குப் போகிறது. எழுதியவர் பொய் எழுதினால் நிறுவனத்தின் அங்கீகாரம் போகலாம். எழுதியவர் வேறு நிறுவனத்தில் இதே அறிக்கையை எழுதிக்கொண்டிருப்பார்.

பொருநை

பேராசிரியை சொல்வதைப் படித்த பிறகு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வேலையில் தவறைக் காட்டலாம். இன்சுலின் போடும்போது இரண்டாம் ஆள் அளவைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டுமென்றால் போட்டிருக்க வேண்டும். தாளில் ஒரு கையெழுத்து இருந்தால் தவறு, இரண்டு இருந்தால் சரி. உங்கள் வேலையில் அப்படி எதைக் காட்டுவீர்கள்? குழந்தையை வீட்டிலேயே விட்டது சரியா, பிரித்தது சரியா என்று கவுன்சிலில் உட்கார்ந்திருக்கும் ஆறு பேர் ஓராண்டு கழித்து எப்படிச் சொல்வார்கள்? எது நடந்துவிட்டதோ அதை வைத்துத்தான் சொல்வார்கள். அது நியாயமில்லை.

லீட்ஸ்வாசி

மிகச் சரியான கேள்வி, பொருநை அக்கா. முடிவை அளக்க முடியாது. முடிவுக்கு வந்த வழியை அளக்கலாம். குழந்தையைத் தனியாகப் பார்த்தாயா? அதன் மொழியில் பேசினாயா? பார்த்ததை அன்றே எழுதினாயா? மாற்றுக் கருத்து வந்தபோது மேலாளரிடம் கேட்டாயா? இவற்றை எல்லாம் கேட்கலாம்.

விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி வளர்த்தவர்களின் கொடுமையால் 2000 பிப்ரவரியில் லண்டனில் இறந்தாள். அதற்கு முந்தைய ஆண்டு இரண்டு மருத்துவமனைகள் அவளைப் பார்த்திருந்தன. சமூகப்பணியாளர்களும் போலீசாரும் பார்த்திருந்தனர். முதல் மருத்துவமனையில் உடம்பிலிருந்த காயங்களைச் சொறிசிரங்கு என்று ஒரு மருத்துவர் முடிவுசெய்ய, மற்றவர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். அவள் சாவைப் பற்றி 2003-இல் வந்த லேமிங் விசாரணை அறிக்கை 108 பரிந்துரைகள் தந்தது. அன்று மருத்துவருக்கும் செவிலியருக்கும் பதிவேடு இருந்தது, சமூகப்பணியாளருக்கு இல்லை. அந்தச் சிறுமியை இரு தரப்புமே காப்பாற்றவில்லை.

அதனால் பதிவேடு வந்தால் எல்லாம் சரியாகும் என்று நான் சொல்ல மாட்டேன். செவிலியர் கவுன்சிலையே எடுங்கள். எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோரைக் கண்காணிக்கும் அமைப்பு. 2024-இல் வெளிவந்த தற்சார்பு ஆய்வு அதற்குள்ளேயே இனவெறியும் மிரட்டலும் இருப்பதாகச் சொன்னது. புகார்கள் ஆண்டுக்கணக்கில் தேங்குகின்றன. குற்றமற்றவரும் அதுவரை தூங்க முடியாது. இருந்தும் பதிவேடு வேண்டும் என்கிறேன். வைகைக்கரையின் கேள்விக்கு விலாசம் ஒன்றாவது இருக்கும்.

வெலிங்டன்_கார்த்தி

நியூசிலாந்திலிருந்து ஒரு குறிப்பு. உலகிலேயே செவிலியர் பதிவுக்கென்று முதல் தனிச் சட்டம் இங்கே 1901-இல் வந்தது. சமூகப்பணியாளர் பதிவுச் சட்டம் 2003-இல் வந்தாலும் பதிவது அவரவர் விருப்பம் என்று விட்டார்கள். 2021 பிப்ரவரியில்தான் கட்டாயம். விருப்பப் பதிவில் ஓட்டை எங்கே என்று யாருக்கும் தெரியும்: ஒழுங்காக இருப்பவர் பதிவார், புகாருக்கு அஞ்சுபவர் பதியாமலே வேலை பார்ப்பார். இந்தியாவில் எது வந்தாலும் 'முதலில் விருப்பப் பதிவு' என்ற பேச்சை நம்பாதீர்கள்.

நெறியாளர்

எம்.எஸ்.டபிள்யூ. பட்டத்தைக் கேலி செய்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். கருத்தோடு மோதுங்கள்.

களத்துமேடு

பெயருக்கு மட்டும் பாதுகாப்பு என்றால் எனக்குப் பாதி ஆட்சேபம் போய்விட்டது. மீதிப் பாதி: 'சமூக சேவகர்' என்று எங்களை ஊரார் அழைப்பதை யாரும் பிடுங்கக் கூடாது. முப்பது ஆண்டு வேலை செய்தவர்களை, படிப்பில்லாவிட்டாலும், சோதித்துப் பதிவேட்டில் சேர்க்க வழி வேண்டும்.

கரும்பலகை

புதிதாகப் பதிவேடு திறக்கும் பல நாடுகளில் பழையவர்களுக்கு அப்படி ஒரு வாசலைத் தொடக்கத்தில் சில காலம் திறந்து வைப்பது வழக்கம். கேட்க வேண்டியதுதான்.

வைகைக்கரை

சட்டம் வரும்வரை காத்திருக்க மனமில்லை. இன்று சக ஊழியரோடு பேசினேன். குடும்பத்தாருக்குக் கொடுக்கும் தகவல் தாளின் பின்பக்கம், 'எங்கள் பேச்சில் வற்புறுத்தல் இருந்ததாக நினைத்தால் இங்கே சொல்லுங்கள்' என்று அச்சிடலாம் என்று அவரும் ஒப்புக்கொண்டார். எந்த விலாசத்தைப் போடுவது? கவுன்சில் விலாசத்தைப் போட்டால் அவருக்கு மட்டும் பொருந்தும்.

கரும்பலகை

உறுப்பு மாற்றுச் சட்டத்தின்கீழ் மாநிலத்தில் 'உரிய அதிகார அமைப்பு' ஒன்று உண்டு. சட்டத்தை மீறியதாகப் புகார் வந்தால் விசாரிப்பது அதன் கடமை. அதையும் போடுங்கள். மருத்துவமனையின் உரிமத்தில் அது கை வைக்கலாம். தனி ஆளான உங்கள்மீது தொழில்முறை நடவடிக்கை எடுக்க அதனால் முடியாது. அதைத் தெரிந்தே போடுங்கள்.

பொருநை

மூன்றையும் போடுங்கள்: மருத்துவமனைக் குறைதீர்ப்பு அலுவலர், அந்த அதிகார அமைப்பு, எங்கள் கவுன்சில். இருவர் பெயரையும் எழுதி, யார் எந்தப் படிப்பு என்றும் குறிப்பிடுங்கள். பின்பக்கத்தில் வேண்டாம் தம்பி, முன்பக்கத்திலேயே போடுங்கள். அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் யாரும் தாளைத் திருப்பிப் பார்ப்பதில்லை. எழுத்தும் பெரிதாக இருக்கட்டும். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு ஓடி வந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

வைகைக்கரை

மேலாளர் ஒப்புதலுக்கு அனுப்பியிருக்கிறேன். 'வற்புறுத்தல்' என்ற சொல்லை எடுக்கச் சொல்கிறார். 'குறைகள் இருப்பின்' என்று மாற்றினால் போதுமாம். நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. சட்டம் படித்தவர்கள் இழையில் யாராவது இருந்தால் வாசகம் ஒன்று எழுதித் தாருங்கள்.